தம்பி பெயரில் என் நெஞ்சு

எங்கள் பக்கம் கல்லுமாதிரி இருக்கும் ஆண்கள் தூக்கத்திலேயே செத்துப்போவது உண்டு. விதவைப் பேய் புருஷன் தேடி வருகிறது என்பார்கள். அதனால் படுக்கும்முன் ஆண்கள் நகத்தில் சிவப்புச் சாயம் பூசிக்கொள்வார்கள். பெண் என்று நினைத்துப் பேய் தாண்டிப் போய்விடுமாம்.

என் தம்பி புன்லெர்ட் வயலில் மயங்கி விழுந்தான். மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒட்டிய இரண்டு வில்லைகளை ஒரு விலா மேலே மாற்றி ஒட்டி மறுபடி எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை கோடு பாம்பு படமெடுத்த மாதிரி எழும்பிச் சரிந்தது.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லப்பா. தூக்கத்துல துடிப்பு தாறுமாறாயிடும். உள்ள ஒரு கருவி வைக்கணும். பெரிய ஆஸ்பத்திரியில பேரு பதிஞ்சிருக்கேன், கூப்பிடுவாங்க."

கூப்பிடவில்லை. மழையும் இல்லை, நெல் கருகிவிட்டது. சிங்கப்பூர் கட்டட வேலைக்கு ஆள் எடுத்த ஏஜெண்டு நெஞ்சுச் சான்று கேட்டான். எனக்கு வயது தாண்டிவிட்டது.

"எனக்குப் பதிலா நீ போய்ப் படுண்ணே. உன்னது எருமை நெஞ்சு."

"டாக்டரம்மா சொன்னது?"

"அந்தம்மாவா என் புள்ளைங்களுக்குச் சோறு போடும்? மலிவான்கிட்ட மட்டும் மூச்சு விடாதே."

மலிவான் அவன் மனைவி.

போய்ப் படுத்தேன். கிளினிக்கில் அன்று ஐம்பது பேர். யார் முகத்தை யார் பார்த்தார்கள்? நர்ஸ் மட்டும் சிரித்தாள்.

"முப்பத்திரெண்டு வயசுக்கு நெஞ்செல்லாம் நரையா?"

"வெயிலும்மா."

"நெஞ்சையா வெயில்ல காயப்போட்டே?"

கோடு ஒழுங்காக வந்தது.

தம்பி சிங்கப்பூர் போன நாற்பத்தோராம் நாள் காலை, தங்குமிடத்தில் அவன் எழுந்திருக்கவில்லை. ஊருக்கு வந்த சவப்பெட்டியைத் திறந்தோம். பத்து விரலிலும் சாயம் அழியாமல் இருந்தது.

கம்பெனி அனுப்பிய உறையில், கிளினிக்கில் நான் படுத்து எடுத்த அந்த ஈ.சி.ஜி. தாளும் இருந்தது. நாற்பது வயதுக்குமேல் கோயிலில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவன் நான். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது.

"என்ன போட்டிருக்குண்ணே?" என்றாள் மலிவான்.

"துடிப்பு சீரா இருந்துச்சுன்னு."

"அப்போ அந்த முண்டைதான் கொண்டுபோயிருக்கா."

தாளை மடித்து உறைக்குள் வைத்தேன்.

அவள் உள்ளே போய், அவன் வைத்துவிட்டுப் போன சாயப் புட்டியை எடுத்துவந்தாள்.

"இந்த வீட்டுல மிச்சம் இருக்குற ஆம்பளை நீங்க ஒருத்தர்தான். கைய நீட்டுங்கண்ணே."

நீட்டினேன்.