அலமாரிக்குள் கொதித்த லேப்டாப்

அந்த வீட்டு மருமகள் தினமும் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வாள். யார் மேலும் கோபமில்லை. அதுதான் அவளுடைய ஆபீஸ். கணவனின் சட்டைகள் தொங்குகிற இடத்துக்குக் கீழே ஒரு முக்காலி, எதிரே ஒரு மைக், மடியில் தலையணை, தலையணைமேல் லேப்டாப். சுற்றிலும் துணி இருந்தால் தெருச் சத்தம் உள்ளே வராது என்று யாரோ சொல்லப்போக, வீட்டிலிருந்த போர்வை, கம்பளி, பழைய திரைச்சீலை எல்லாம் அங்கே குடியேறிவிட்டன. மனுஷி உட்காரத்தான் இடம் பற்றவில்லை.

முன்பு அவள் பெரிய பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று அவள் சொன்னால், உட்கார்ந்தபடியே தூங்குகிறவர்கூட எழுந்து பெட்டியைத் தூக்குவார். அப்புறம் அந்த வேலையை ஒரு இயந்திரக் குரலிடம் கொடுத்துவிட்டு, ஒரு பூங்கொத்தோடு அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பூ மறுநாளே வாடிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டிலும் அவள் அதிகம் பேசவில்லை. தன் குரல் இனி யாருக்கும் தேவையில்லை என்ற நினைப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஒலிப்புத்தகம் தயாரிக்கிற நிறுவனம் ஒன்று குரல் தேடியது. ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை வாசித்து அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் முழுப் புத்தகமும் அவளுக்கு. அனுப்பினாள். ஒலிப்பதிவாளர் போன் செய்தார்.

"குரல் பிரமாதம்மா. ஆனா பின்னாடி யாரு மிக்ஸி ஓட்டறது?"

"மிக்ஸியா? யாரும் ஓட்டலீங்களே."

"ஓடுது. ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். முதல் பக்கத்தில் ஒன்றுமில்லை. நாலைந்து பக்கம் போனதும் லேப்டாப் சூடாகி, அதன் விசிறி முனக ஆரம்பிக்கிறது. அத்தியாயத்தின் கடைசியில் கதாநாயகி மாவரைக்கும் ஆலைக்குள் நின்று அழுவது போலிருந்தது.

சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே துணியை வை. அலமாரியே அந்த வைத்தியத்தில் பிறந்ததுதானே? அதையே லேப்டாப்புக்கும் செய்தாள். பக்கவாட்டில் விசிறியின் வாய் இருந்த இடத்தில் ஒரு துண்டை மடித்து அடைத்தாள். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு முன்னைவிடப் பலமாக உறுமியது. இன்னொரு துண்டு வைத்தாள். அது இன்னும் உறுமியது. சூடு வெளியே போகிற வழியும் அந்த வாய்தான் என்பது அந்த அவசரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. அத்தியாயத்தின் பாதியில் திரை கறுத்து, லேப்டாப் அணைந்தேவிட்டது.

சாயங்காலம் கணவன் வந்து அலமாரியைத் திறந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், இரும்புச் சாமான்களிடம் தனி இரக்கம் உள்ளவன்.

"இதுக்குக் குளிர் காய்ச்சலா? இப்படிப் போத்தி வெச்சிருக்க!"

"கிண்டல் பண்ணாத. ஐஸ் கட்டியைத் துணியில சுத்தி அடியில வெக்கலாமான்னு பார்க்கறேன்."

"வெச்சிராத தாயே. உள்ள ஈரம் கோத்துச்சுன்னா மொத்தமா போயிடும்."

அவன் அதன் முதுகைக் கழற்றி, சின்ன பிரஷ்ஷால் தூசியைக் கிண்டி எடுத்தான். பஞ்சு பஞ்சாக வந்தது. இன்னொரு தலையணையே தைத்திருக்கலாம். திரையில் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களையெல்லாம் மூடிவைத்தான். "முதல்ல மடியில இருக்கற தலையணையை எடு. அடியில காத்து போகணும்" என்றான். சூடு குறைந்தது உண்மைதான். ஆனாலும் சாத்திய அலமாரிக்குள் எந்தக் காற்று வரும்? இரண்டாவது முறை அனுப்பியதிலும் முனகல் இருந்தது, அத்தியாயத்தின் பின்பாதியில்.

"நாளைக்குச் சாயங்காலம் முடிவு பண்ணப் போறோம்மா" என்றார் ஒலிப்பதிவாளர். குரலில் வருத்தம் இருந்தது. "அதுக்குள்ள சுத்தமா ஒண்ணு வந்துட்டா உங்களுக்குத்தான். இல்லைன்னா இன்னொருத்தங்க இருக்காங்க."

மறுநாள் கணவன் வேலைக்குக் கிளம்பியதும் அவள் மறுபடியும் அலமாரிக்குள் போனாள். பின்பாதி வரும்போதே உறுமல் தொடங்கிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து மின்விசிறிக்கு அடியில் நின்றாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, ரவிக்கை முதுகோடு ஈரம். அலமாரிக்குள் கையை நீட்டிப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் கை வைத்த மாதிரி இருந்தது. அப்போதுதான் புத்தியில் பட்டது. எனக்கே உள்ளே மூச்சு முட்டுகிறது, அது மட்டும் எப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கும்? எனக்கு வேண்டியது அமைதி, அதற்கு வேண்டியது காற்று. இரண்டு பேரையும் ஒரே அறையில் அடைத்ததுதான் தப்பு.

லேப்டாப்பை வெளியே, கூடத்து மேசையில் வைத்தால்? மைக்கின் வயர் நீளம்தான், கதவிடுக்கு வழியாக வரும். கதையைப் போனில் பார்த்து வாசிக்கலாம். ஆனால் வெளியே இருக்கும் லேப்டாப்பில் பதிவைத் தொடங்க, நிறுத்த, தப்பு வந்தால் திரும்பத் தொடங்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆள் மாமனார்.

அவர் கூடத்தில், வழக்கம்போல, டிவி முன்னால். வாழ்நாள் முழுக்க நெசவாலை இயந்திரங்களின் நடுவே நின்றவர். அந்த இரைச்சல் அவர் காதை வாங்கிக்கொண்டது. காதுக்கருவி மேசை டிராயரில் தூங்குகிறது. மாட்டினால் தகரத்தைத் தட்டுகிற சத்தம்தான் கேட்கிறதாம். டிவியை மட்டும் உச்சத்தில் வைப்பார், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து. அவள் வாசிக்கப் போகும்போது சாடை காட்டினால் சத்தத்தை அடக்குவார், அலமாரிக் கதவு திறந்ததும் மறுபடி உச்சம். அவரிடம் கத்திக் கத்திப் பேசி அலுத்து அவள் விட்டுவிட்டாள். திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு அவரும் விட்டுவிட்டார். சாப்பாடு, மாத்திரை, தூக்கம் என்று கைச்சாடையில் ஓடிக்கொண்டிருந்தது குடித்தனம்.

அவள் போனில் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினாள். படித்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெக்கார்டிங்குக்கு நானா? எனக்குக் காது கேக்காதேம்மா."

அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதடு தெரிய நிதானமாகச் சொன்னாள். "காது வேண்டாம் மாமா. கண்ணும் கையும் போதும்."

அவர் டிவியை அணைத்தார். வீடே ஒரு கணம் திடுக்கிட்டது போலிருந்தது.

அதன்பிறகு அவர்தான் முதலாளி. சமையலறையிலிருந்து கம்பித்தட்டு ஒன்றை எடுத்துவந்து, லேப்டாப்பை அதன்மேல் தூக்கி வைத்தார். மேசையில் வெயில் விழுகிறதென்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிறகு துணி காயப்போடும் கயிற்றோடு வந்து நின்றார்.

"ஆலையில யாரு கத்தினாலும் யாருக்கும் கேக்காது. கயிறு கட்டி இழுத்துக்குவோம். ஒரு இழுப்புன்னா ஓட்டு. ரெண்டுன்னா நிறுத்து."

கயிற்றின் ஒரு முனை அவர் மணிக்கட்டில், மறுமுனை அலமாரிக்குள் அவள் கால் கட்டைவிரலில். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் ஒரு முறை இழுத்தாள். வெளியிலிருந்து ஓர் இழுப்பு பதிலாக வந்தது. வாசிக்கத் தொடங்கினாள்.

முதல் பக்கம் போனது, ஐந்தாம் பக்கம் போனது. முனகலே இல்லை. பின்பாதியில் ஓர் இடம். கதாநாயகி ஒரு பஸ் நிலையத்தில் இறங்கி நிற்கிறாள், அவளைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. அந்த இடத்தை ஏற்கெனவே பல தடவை வாசித்தவள்தான். இந்த முறை என்னவோ கண் நிறைந்து, குரல் தாழ்ந்துவிட்டது. சமாளித்து மேலே போனாள்.

கால்விரல் இரண்டு முறை இழுபட்டது.

போச்சு, லேப்டாப் அணைந்துவிட்டது என்று பதறிக் கதவைத் திறந்தாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் திரையில் ஓரிடத்தை விரலால் காட்டினார். அவளுடைய குரல் அங்கே மேடும் பள்ளமுமான கோடாக ஓடியிருந்தது.

"இதுவரைக்கும் நல்லா எழும்பி எழும்பி வந்துச்சு. இந்த எடத்துல மட்டும் ஒடுங்கிப் போச்சு." அவள் முகத்தைப் பார்த்தார். "அழுதியாம்மா?"

வேலை போன நாளிலிருந்து அவளை யாரும் அதைக் கேட்டதில்லை. கணவன் நல்லவன்தான், ஆனால் வேறு வேலை கிடைக்கும் என்று தைரியம் சொல்லத்தான் அவனுக்குத் தெரியும். காது கேட்காத மனிதர் கண்டுபிடித்துவிட்டார். அவள் தலையாட்டினாள். அதோடு நிற்காமல் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். லேப்டாப்பின் அடியில், காய்ச்சல் பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அழுது முடிச்சுட்டே போ. மெஷினும் அதுக்குள்ள கொஞ்சம் ஆறட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அந்த இடத்தை மறுபடி வாசித்தாள். அழவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை. முடித்து, அனுப்பிவிட்டு, அவர் எதிரே உட்கார்ந்து அத்தியாயத்தின் கதையை உதடு தெரியச் சொன்னாள். அவர் நடுவில் ஒரு தடவைகூடக் கண்ணை எடுக்கவில்லை.

வெளிச்சம் மங்குவதற்குள் போன் வந்தது.

"மிக்ஸியை யாருக்கோ குடுத்துட்டீங்க போல!" என்றார் ஒலிப்பதிவாளர். "அந்தப் பஸ் ஸ்டாண்ட் எடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டேம்மா. புத்தகம் உங்களுக்குத்தான். ரெண்டாவது அத்தியாயம் எப்ப வரும்?"

அவள் கூடத்துக்கு ஓடி, "கிடைச்சிடுச்சு மாமா!" என்று கத்தினாள்.

"ஏன் கத்தற? முகத்துலயே தெரியுதே" என்றார் அவர். ஆனால் அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் அவள் சமையலறையில் வேலையை முடித்துவிட்டு வந்தபோது கூடம் அமைதியாக இருந்தது. டிவி ஓடவில்லை. ஜன்னல் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது, கம்பித்தட்டின் மேல் லேப்டாப் தயாராக இருந்தது. மாமனார் கயிற்றின் முனையைப் பல்லால் கடித்து இழுத்துத் தன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் லேப்டாப்பின் அடியைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடு இல்ல. உள்ள போம்மா. அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போக யாராவது வந்தாங்களான்னு எனக்குத் தெரியணும்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கயிற்றை ஒரு முறை இழுத்தாள். மறுபக்கம் ஏற்கெனவே காத்திருந்ததுபோல, உடனே பதில் வந்தது.