சூரியன் இறங்கும் வரை

பைப்லைன் பேட்டையில் அந்த ஏழு மாடிக் கட்டடத்துக்குச் சியோம்புவா குடிவந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளுக்கு ஒரு பரம எதிரி கிடைத்துவிட்டார். கட்டடத்தின் காவல்காரர் ஒன்ச்சிரி.

சண்டை ஒரு கேபிளுக்காக. சியோம்புவாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கோ இருக்கும் வெள்ளைக்காரர்களின் வாஷிங் மெஷின் புகார்களைக் கேட்டு, கவலைப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டும். நான்கு வருடமாக அதைச் சொல்லித்தான் சாப்பிடுகிறாள். வீடு மாறினால் கம்பெனி புது வீட்டு இணைப்பைச் சோதித்துப் பார்க்கும். ஐம்பது நிமிடம் பேச்சு அறுபடாமல் ஓட வேண்டும். வாய்ப்பு இரண்டுதான். இரண்டிலும் அறுந்தால் வேலை போய்விடும்.

முதல் வாய்ப்பு புதன்கிழமையே போய்விட்டது. கட்டடத்துக்கென்று ஒரு இணைப்பு இருந்தது. வீட்டுக்காரரின் அக்காள் மகன் மொட்டைமாடியில் ஒரு பெட்டியை வைத்து எல்லா வீட்டுக்கும் இழுத்துவிட்டிருந்தான். காலையில் பறக்கும். சாயங்காலம் ஊரே வீடு திரும்பிப் பந்தாட்டம் பார்க்க உட்கார்ந்ததும் மூச்சு வாங்கும். செல்போன் சிக்னலோ ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை நீட்டினால்தான் வரும். புதன்கிழமை பன்னிரண்டாவது நிமிடத்தில் அறுந்தது. இரண்டாவது சோதனை சனிக்கிழமை மாலை ஆறு மணி என்று கம்பெனி நாள் குறித்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் அவள் கீழே இறங்கி வந்து, வேறு கம்பெனியின் கேபிள் இழுக்கப்போவதாகச் சொன்னாள்.

"வேற கம்பெனிக்காரன் எவனும் இந்த கேட்டைத் தாண்டக் கூடாது மேடம்" என்றார் ஒன்ச்சிரி.

"எங்க எழுதியிருக்கு? ஒப்பந்தத்துல ஒரு வரி காட்டுங்க பாப்போம்."

"எழுதணுமா? அதான் நான் இருக்கேன்ல."

"நீங்க யாருய்யா? கூட்டிப் பெருக்கத்தானே உங்களை வச்சிருக்காங்க?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். ஒன்ச்சிரி சட்டைப்பையிலிருந்து மெதுவாக ஒரு கட்டிங் பிளேயரை எடுத்தார். "போன வருஷம் நாலாவது மாடிக்காரனும் இப்படித்தான் சட்டம் பேசினான். நான் ஒண்ணும் பேசல. இதுதான் பேசுச்சு. வாயைப் பொத்திக்கிட்டான்."

வாசலில் உட்கார்ந்து கீரை அரிந்துகொண்டிருந்த அவர் மனைவி மொரா தலையைத் தூக்காமலே சேர்ந்துகொண்டாள். "துணியைப் பிழிஞ்சு காயப்போடத் துப்பில்ல. இவளுக்குத் தனி லைன் கேக்குது."

வந்த இரண்டாம் நாள் சியோம்புவாவின் ஈரத்துணி சொட்டி, மொரா சபைக்குப் போக வைத்திருந்த வெள்ளை உடுப்பில் சாயம் இறங்கிவிட்டது. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

"ஒகாரி அம்மா, உங்ககிட்ட நான் பேசல." மொராவை எல்லாரும் மகன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"நானும் உங்கிட்ட பேசல. கீரைகிட்ட பேசிட்டு இருக்கேன்."

வெள்ளிக்கிழமை மாலை சியோம்புவா கடைக்குப் போகும்போது ஒன்ச்சிரி துடைப்பம், வாளி, கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு மூடிக்கொண்டிருந்தார். படிக்கட்டடியில் இருந்த அவர் வீட்டுக் கதவில் ஏழாம் நாள் சபையின் அச்சுத்தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வாரமும் சூரியன் எப்போது மறையும் என்ற அட்டவணை. வெள்ளி மறைவிலிருந்து சனி மறைவு வரை ஓய்வுநாள். அந்த நேரத்தில் ஒன்ச்சிரி ஒரு பல்பைக்கூடக் கழற்ற மாட்டார், குழாய் உடைந்து ஓடினாலும் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று இரண்டாம் மாடிக்காரி ஏற்கெனவே புலம்பியிருந்தாள். சியோம்புவா அந்தத் தாளை நின்று படித்தாள். சனிக்கிழமை மறைவு ஆறு முப்பத்தெட்டு. படியேறும்போதே அந்தக் கேபிள் கம்பெனியின் லைன்மேன் செருயோட்டுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணி. காவல்காரர் சபையில இருப்பாரு. அவர் திரும்பறதுக்குள்ள இழுத்து முடிச்சுடணும்."

"பத்துக்கு டாண்ணு நிப்பேன் அக்கா" என்றான் செருயோட்.

வந்தது இரண்டரைக்கு. மழை என்றான், மட்டாட்டு வேன் கிடைக்கவில்லை என்றான். ஒன்ச்சிரி சபை முடிந்து, கோட்டும் டையுமாக, வேதப்புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தே அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் கண்ணெதிரிலேயே, அவர் வீட்டு நிலைக்கு மேலேயே கிளிப் அடித்துக் கேபிளைப் படிக்கட்டு வழியாக மூன்றாம் மாடியில் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனான் செருயோட். ஒன்ச்சிரியின் தாடை மட்டும் ஆடியது.

"ஓய்வுநாள்ல நான் கோபப்படுறதில்ல" என்றார். "சூரியன் இறங்கட்டும்."

ஐந்தரைக்குச் சியோம்புவா எட்டிப் பார்த்தபோது அவர் நாற்காலியைக் கேபிளுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கட்டிங் பிளேயர். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஆறு ஐம்பதுக்கு முடியும். பன்னிரண்டு நிமிடம் உதைக்கிறது. மானத்தை விட்டுக் கீழே இறங்கினாள்.

"ஐயா, ஆறு ஐம்பது வரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் வெட்டுங்க. என் சோறு அது."

"ஓய்வுநாள்ல நான் பேரம் பேசுறதில்ல மேடம்."

உள்ளேயிருந்து மொரா வந்தாள். சியோம்புவாவைப் பார்க்கவில்லை. அவள் கண் புருஷன் மடியில் இருந்தது. "கர்த்தரோட நாள்ல இது எதுக்கு உங்க கையில?"

"நான் ஒண்ணும் வேலை செய்யலையே. சும்மா வச்சிருக்கேன்."

"சும்மா வச்சிருக்கீங்க!" என்றாள் மொரா. உள்ளே போய்விட்டாள்.

ஆறு மணிக்குச் சோதனை தொடங்கியது. அந்தப் பக்கம் ஒரு பெண், கோபக்கார வாடிக்கையாளர் மாதிரி கத்தினாள். சியோம்புவா கவலைப்படாதீர்கள் என்றாள். அவள் ஒரு காது ஹெட்போனில், இன்னொரு காது படிக்கட்டில். ஆறு முப்பதுக்குக் கீழே பாட்டு எழுந்தது. ஓய்வுநாளை முடித்துவைக்கும் ஜெபம். குடும்பமே முழங்காலில் இருக்கும். ஆமென் சொன்னதும் ஒன்ச்சிரி எழுவார். ஆறு முப்பத்தைந்துக்கு மொராவின் குரல் தனியாகக் கேட்டது. சபைப் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடிய குரல், படிக்கட்டில் முட்டி மேலே வந்தது.

"ஆண்டவரே, இந்தக் கட்டடத்தில இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் உம்ம கையில கொடுக்கிறேன். முதல் மாடி, முதல் வீடு. அந்த ஐயாவோட மூட்டுவலியைப் பாரும்..."

ஆறு முப்பத்தெட்டு ஆனது. மொரா இரண்டாம் மாடியில் இருந்தாள். ஒரு மாடிக்கு ஆறு வீடு. பிரசவத்துக்கு நாள் எண்ணுகிறவள், வேலை தேடுகிறவன், குடிக்கிறவன், ஒருவரையும் மொரா விடவில்லை.

"மூணாவது மாடியில ஒருத்தி வந்திருக்கா ஆண்டவரே. துணி பிழியத் தெரியாது, வாய் ரொம்ப நீளம். அவளையும் நீர்தான் திருத்தணும்."

"அது என்ன சத்தம்?" என்றாள் சோதிக்கிற பெண்.

"பக்கத்து வீட்டில் பிரார்த்தனை மேடம். கவலைப்படாதீர்கள்."

ஆறு நாற்பத்தாறு. ஏழாம் மாடியும் முடிந்துவிட்டது. இதோ ஆமென் வந்துவிடும் என்று சியோம்புவா பல்லைக் கடித்தாள்.

"கடைசியா, என் புருஷனை மன்னியும்" என்றாள் மொரா. குரல் இறங்கவில்லை, ஏறியது. "ஏழு நாளும் காவல் இருக்கேன்னு வீட்டுக்காரர்கிட்ட பொய் சொல்லி இந்த வேலையை வாங்கினாரு. கேட்டுல அப்படின்னு போர்டே மாட்டியிருக்கு. உம்ம நாள்ல அவர் காவல் காக்குறதில்லன்னு வீட்டுக்காரருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அந்தப் பொய்யையும் மன்னியும். உம்ம நாள்ல கட்டிங் பிளேயரை மடியில வச்சு அழகு பார்த்ததையும் மன்னியும். ஏன்னா ஆண்டவரே, இந்த மனுஷனுக்கு..."

கட்டடமே காது கொடுத்துக் கேட்டது. படியில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

ஆறு ஐம்பதுக்கு அந்தப் பெண் சொன்னாள்: "இணைப்பு நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமை வேலையைத் தொடங்குங்கள்."

கீழே ஆமென் கேட்டது. சியோம்புவா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினாள். திங்கட்கிழமைக்கும் அந்தக் கேபிள் வேண்டும்.

ஒன்ச்சிரி நாற்காலியின்மேல் ஏறி நின்றார். கட்டிங் பிளேயரின் வாயில் கேபிள்.

"வெட்டுங்க ஐயா" என்றாள் சியோம்புவா மூச்சிரைக்க. "வெட்டிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போடுங்க. யாரோ கேபிள் இழுத்தாங்க, வெட்டிட்டேன்னு சொல்லுங்க. எப்ப இழுத்தாங்கன்னு கேப்பாரு. சனிக்கிழமை இரண்டரை மணின்னு நான் சொல்றேன். ஏழு நாள் காவல்காரர் அப்ப எங்கய்யா இருந்தாருன்னு கேப்பாரு. அதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

ஒன்ச்சிரி அவளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். மொரா வாசலில் நின்று சாவகாசமாகத் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கட்டிங் பிளேயரின் வாய் மெல்லத் திறந்தது. அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, அதையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சியோம்புவா மொராவின் பக்கம் திரும்பினாள். "ஒகாரி அம்மா..." என்று ஆரம்பித்தாள்.

"சும்மா இரு" என்றாள் மொரா. "உனக்காக ஒண்ணும் நான் ஜெபம் பண்ணல. இன்னொரு தடவை ஓய்வுநாள்ல என் வாசல்ல எவனையாவது ஏத்தி சுத்தியல் தட்ட வச்சேன்னா, அந்தக் கேபிளை நானே வெட்டுவேன். எனக்கு கட்டிங் பிளேயர்கூட வேண்டாம்."

கீரை அரியும் கத்தியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.