ஒன்றரை லட்சம் மிச்சம்

மார்ச் மாதம் வந்தால் டொலீடோவில் இரண்டு விஷயம் நடக்கும். ஏரிக் காற்றில் காது விறைத்துப்போகும். எங்கள் அமெரிக்க ஃபுட்பால் அணிக்குப் பைத்தியம் பிடிக்கும். காதுக்குக் குல்லாய் இருக்கிறது. பைத்தியத்துக்கு என்னை வைத்திருக்கிறார்கள்.

என் பெயர் லென் ஹுடாக். அணியின் சம்பள வரம்பை, எங்கள் பேச்சில் 'கேப்', பார்த்துக்கொள்வது இருபத்தாறு வருடமாக என் வேலை. லீக்கில் எல்லா அணிக்கும் ஒரே தொகைதான் வரம்பு. எங்கள் முதலாளி நினைத்தால் ஏரியையே விலைக்கு வாங்குவார், ஆனால் வரம்புக்கு மேல் ஒரு டாலர் வீரர்களுக்குக் கொடுக்க முடியாது. மார்ச்சில் ஒரு புதன்கிழமை மாலை நான்கு மணிக்குப் புதுக் கணக்கு தொடங்கும். ஒப்பந்தம் முடிந்த வீரர்களை யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்த நான்கு மணிக்கு எங்கள் மொத்தக் கணக்கு வரம்புக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அபராதம், புது ஒப்பந்தங்கள் ரத்து, அதோடு நானும் ரத்து.

வரம்புக்குள் வர நாங்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. ஒரு வீரருடைய அந்த வருடச் சம்பளத்தில் பெரும்பகுதியை இப்போதே கையில் கொடுத்துவிடுவோம். கணக்கில் மட்டும் அதை வரும் வருடங்களுக்குப் பிரித்துத் தள்ளிவிடுவோம். அவருக்கு நஷ்டமில்லை, எங்களுக்கு இந்த வருடம் இடம் கிடைக்கும், அடுத்த வருடத் தலைவலி அடுத்த வருடம். இதைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் எல்லா டீக்கடையிலும் கடன் சொன்னவனாகத்தான் இருப்பான்.

இதற்கு வீரரின் கையெழுத்து வேண்டும். மற்றவர்கள் ஏஜென்ட் மூலம் போனிலேயே முடித்துக்கொள்வார்கள். நேரில் வந்து போடுகிறவன் ரோஸ்கோ டில்லார்ட் ஒருவன்தான்.

ரோஸ்கோ எங்கள் சென்டர். வரிசையின் நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, அடுத்த நொடி எதிரே பாய்ந்து வருகிற மலையை நெஞ்சால் தாங்குகிறவன். பதினொரு வருடம் எங்களிடமே ஆடியவன். கை விரல்களில் நேராக இருப்பவை நான்கோ ஐந்தோ. மூன்று மார்ச் தொடர்ந்து அவனை நான் கூப்பிட்டேன். மூன்று முறையும் ஒரு டஜன் டோநட்டோடு வந்தான், எதையும் படிக்காமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, "சொல்லுங்க கணக்குப்பிள்ளை, என் இடத்துல யாரை வாங்கப் போறீங்க?" என்று கேட்பான். சொல்லக் கூடாது. நான் சொல்வேன். அவன் கொடுத்த இடத்தில் வந்த ஒருவன் எங்களை அரையிறுதி வரை கொண்டுபோனான்.

இப்படித் தள்ளித் தள்ளி வைத்ததெல்லாம் ஒப்பந்தத்தின் கடைசி வருடமான இந்த வருடத்தில் வந்து குவிந்தது. பழைய பாக்கி எண்பது லட்சம், அவன் இருந்தாலும் போனாலும் கணக்கில் நிற்பது. இந்த வருடச் சம்பளம் ஒரு கோடியே பத்து லட்சம். மூட்டு தேய்ந்த முப்பத்து மூன்று வயதுச் சென்டருக்கு ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் டாலர். அந்தக் குவியலைக் கட்டியது அவன் கையெழுத்து என்று ஊர் சொல்லும். என் கைதான் என்று எனக்குத் தெரியும்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, இன்னும் ஒரு வருடம். மகன் ஐசக் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். அவன் முடிக்கும்போது தானும் இதே சட்டையில் முடித்துக்கொள்ள வேண்டும். "அதுக்கப்புறம் நீங்க என்னைக் குப்பைல போட்டாலும் கேக்க மாட்டேன்" என்று போன வருடம் கையெழுத்துப் போடும்போதே சொல்லியிருந்தான். பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் சொன்னேன். அதை எழுதிக் கொடுக்க முடியாது. ஒப்பந்தத்துக்கு வெளியே எழுதுகிற வாக்குறுதி லீக்கில் குற்றம்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் கிரெய்க் வாண்டர்வீன் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். நாற்பத்தொரு வயது, வெள்ளை ஷூ, மேஜை மேல் ஒரு காகிதம்கூட இருக்காது. மேற்குக் கடற்கரை அணி ஒன்றிலிருந்து இருபத்தாறு வயதுச் சென்டர் ஒருவனோடு வாய்ப்பேச்சில் முடித்துவிட்டார். முதல் வருடக் கணக்கு இருபத்தாறு லட்சம். நாங்கள் ஏற்கெனவே வரம்புக்கு மேல் எழுபது லட்சத்தில் நின்றோம். ஆக, புதன் நான்கு மணிக்குள் தொண்ணூற்றாறு லட்சம் குறைய வேண்டும்.

"ரோஸ்கோவை விட்டுடலாம். ஒரு கோடி பத்து லட்சம் மிச்சம். சுலபமா முடியுது" என்றார்.

"வேற ரெண்டு பேரைப் பிரிச்சுப் போட்டா..."

"போட்டுப் போட்டுத்தானே லென் இங்க வந்து நிக்கிறோம்?" சிரித்தார். "உங்களுக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். நீங்களே சொல்லிடுங்க. எங்கிட்டேர்ந்து வந்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கும்."

கீழே வந்து இரவுச் சாப்பாட்டு நேரம் வரை எல்லா வழியும் பார்த்தேன். தவக்காலத்துக்காகக் காப்பியை விட்டிருந்தேன். இந்த வேலையில் இருக்கிறவன் மார்ச்சில் காப்பியை விடுவது பக்தி இல்லை, மடத்தனம். பந்தை எறிகிற எங்கள் குவார்ட்டர்பேக்கின் ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. மற்றவர்களிடம் தள்ளி வைக்க இனி எதுவும் பாக்கியில்லை.

புதன்கிழமை மதியம் ரோஸ்கோவைக் கூப்பிட்டேன். போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "ரெண்டு மணிக்குக் கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" என்றேன். மூன்று மார்ச்சிலும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

டோநட்டோடு வந்தான்.

"வாசல்ல டிவிக்காரங்க நிக்கிறாங்க. கையாட்டிட்டு வந்தேன். எங்க பேப்பர்? ஐசக்குக்கு மூணரைக்குப் பல் டாக்டர்."

மேஜையில் இருந்ததை அவனே இழுத்துக்கொண்டான். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் தேடினான். அது ஒரே பக்கம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்பக்கம் பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். அப்புறம் படித்தான். பதினொரு வருடத்தில் அவன் என் எதிரே ஒரு காகிதத்தைப் படித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

"விட்டுட்டீங்களா?" என்றான்.

"தொண்ணூத்தாறு லட்சம் குறையணும் ரோஸ்கோ. எல்லார்கிட்டயும் பார்த்தேன்."

"நான் தள்ளி வச்சது எவ்வளவு அதுல?"

"எண்பது உன்னோடது."

"அதை அன்னிக்கே ஒழுங்கா வாங்கிட்டுப் போயிருந்தா?"

அவன் பேனாவை மூடினான். திரும்பவும் திறந்தான்.

"சரி, விடுங்க. குறைஞ்சபட்சச் சம்பளம் எவ்வளவு, என் மாதிரிக் கிழடுக்கு?"

"பன்னெண்டரை லட்சம்."

"அதுக்கு ஆடுறேன். ஒரு கோடியெல்லாம் வேணாம். போடுங்க, பார்ப்போம்."

"உன் ஏஜென்ட் என்னைக் கொன்னே போட்டுடுவான்."

"அவனை நான் பார்த்துக்கறேன். போடுங்கய்யா!"

போட்டேன். அவன் மேஜையைச் சுற்றி வந்து என் தோளுக்கு மேல் திரையை எட்டிப் பார்த்தான். தொண்ணூற்றேழரை லட்சம் குறைந்தது. அடியில் இருந்த சிவப்பு எண் கறுப்பானது. ஒன்றரை லட்சம் மிச்சம்.

"கறுப்புன்னா?"

"இடம் இருக்கு" என்றேன். என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது.

தோளில் ஒரு தட்டுத் தட்டினான். மூன்று நாள் வலிக்கிற தட்டு. "அப்புறம் என்ன கணக்குப்பிள்ளை? ஓடுங்க மேல!"

ஓடினேன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

வாண்டர்வீன் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் லென். குறைஞ்ச சம்பளத்துக்கு வந்தா பொருந்தும்னு நானும் போட்டுப் பார்த்தேன்."

"அப்ப?"

"அப்பவும் வேண்டாம். புதுப் பையன் வர்றான். முதல் தப்புப் பண்ண உடனே மைதானம் மொத்தமும் ரோஸ்கோ ரோஸ்கோன்னு கத்தும். அவர் சும்மா பெஞ்ச்சுல உக்காந்திருந்தாலே போதும், இந்தப் பையன் காலி. எனக்கு அது வேண்டாம்."

"அவன் புதுப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான். கிரெய்க், அவன் குணம் உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிய வேண்டியது முழங்கால்." கடிகாரத்தைப் பார்த்தார். "கேப் இடம் தரலைன்னு சொல்லிடுங்க. அதுல யாருக்கும் அவமானம் இல்ல. அதுக்குத்தானே கேப் இருக்கு?"

இருபத்தாறு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் ஆட்களை அனுப்பியிருக்கிறேன். யார் மேலும் கோபப்பட முடியாத வாக்கியம். அது உண்மை என்று நம்பித்தான் ராத்திரியில் தூங்கினேன். அதில் எத்தனை தடவை மாடியில் வேறு காரணம் இருந்ததோ, யாருக்குத் தெரியும். அவரோடு கத்தியிருக்கலாம், வேலையைத் தூக்கிப் போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. படியில் இறங்கினேன்.

ரோஸ்கோ என் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றரை லட்சம் அங்கேயே நின்றது. நான் கதவருகிலேயே நின்றேன்.

"மாட்டேன்னுட்டாரா?"

தலையசைத்தேன்.

"காசு காரணம் இல்ல."

"இல்ல" என்றேன்.

கோணலான விரல்களை ஒன்றொன்றாக நீவிவிட்டுக்கொண்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் தேவலாம் என்றிருந்தது.

"வெளிய டிவிக்காரன் கேப்பான். வீட்டுல ஐசக் கேப்பான். என்ன சொல்லட்டும்? அடிமட்டச் சம்பளத்துக்கு வர்றேன்னேன், அப்பவும் உங்கப்பன் வேணாம்னுட்டாங்கன்னா?"

"ரோஸ்கோ..."

"கேப் இடம் தரலைன்னு சொல்லுங்க லென்."

கணக்குப்பிள்ளை என்று சொல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"நீதான் பார்த்தியேப்பா."

"நான் எதையும் பார்க்கல. எனக்குக் கணக்கு எங்க புரியும்? எனக்குப் பொய் சொல்ல வராது. நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன்னு இருக்கட்டும். சொல்லுங்க."

எழுந்து மேஜைக்கு அந்தப் பக்கம் போய், வந்தவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தான். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். திரையை அணைத்தேன்.

"கேப் இடம் தரல ரோஸ்கோ. எல்லா வழியும் பார்த்துட்டேன்."

முதல் தடவை கேட்பவன் போல முழுதாகக் கேட்டுக்கொண்டான். "சரி" என்றான். "உங்களால என்ன பண்ண முடியும்?" கைகொடுத்துவிட்டுப் போனான். டோநட் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

மூன்று பத்துக்குக் காகிதத்தை லீக்குக்கு அனுப்பினேன். மூன்று இருபதுக்கு ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. சுவரில் இருந்த டிவியில் எங்கள் வாசல் தெரிந்தது. ரோஸ்கோ மைக் முன்னால் நின்றான், மூக்கு சிவந்திருந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

"லென் எல்லா வழியும் பார்த்தாரு. நல்ல மனுஷன். கேப் இடம் தரல, அவ்வளவுதான்" என்றான்.

கேள்வி கேட்டவன் புரிந்தது போலத் தலையாட்டினான். அந்த நேரம் ஊரே தலையாட்டியிருக்கும்.