வேட்டுக்கு முன் ஒரு கூப்பாடு

நார்த்தாமலைக் கல்குவாரியில் பிச்சைமுத்துவுக்கு வேலை கத்துவதுதான். பாறையில் வெடிமருந்து கெட்டித்துத் திரி பற்றவைப்பதற்கு முன்னால் அவன் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு, "வேட்டு... வேட்டேய்!" என்று கூப்பாடு போட வேண்டும். கீழே வண்டிப்பாதையில் போகிறவர்கள் அந்தக் குரல் கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

குவாரிக்கு அமாவாசையன்று மட்டும்தான் லீவு. அந்த மாதம் அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால், புதிதாக ஞானஸ்நானம் பெற்றிருந்த பிச்சைமுத்து ஆராதனைக்குப் போக முடிந்தது.

உபதேசியார் ஞானமணி, கேட்பவர்களுக்குத் தகுந்தபடி உவமை சொல்லுகிறவர் என்று பெயர் வாங்கியவர்.

"இந்த மலையில் ஒரு கல்லும் ஆண்டவருக்குத் தெரியாமல் உருளாது. அது யார்மேல் விழும் என்பதை உலகம் உண்டாகுமுன்னே அவர் அறிவார். ஒவ்வொரு துன்பத்துக்கும் ஒரு நோக்கம் உண்டு. ஆகையால், துன்பம் வரப்போகிறதே என்று முன்கூட்டியே கூப்பாடு போடுவது விசுவாசக் குறைவு!"

பின்வரிசையில் பிச்சைமுத்துவின் முகம் சுருங்கிப்போயிற்று. இத்தனை வருஷமும் கூலி வாங்கிக்கொண்டு அவன் செய்துவந்தது அந்தக் காரியத்தைத்தான்.

மறுநாள் திரி பற்றியபோது அவன் சிவப்புத் துணியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றான். கீழே ஞானமணி சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். தேங்காயளவு கல் ஒன்று, அத்தனை பெரிய வெட்டவெளியை விட்டுவிட்டு, அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே வந்து சேர்ந்தது. அவர் போட்ட கூப்பாடு திருக்கோகர்ணம் வரை கேட்டதாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

சமஸ்தானம் போன பிறகு குவாரியைக் குத்தகைக்கு எடுத்தவர் சொக்கநாதன் செட்டியார். அவர் பிச்சைமுத்துவையும் அவன் மனைவி இருளாயியையும் உபதேசியார் வீட்டுக்கே அழைத்து வந்தார். காலில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, ஞானமணி கட்டிலில் கிடந்தார்.

"அடிபட்டவுக நீங்க. இவனை வேலையில வச்சுக்கிறதா, நிறுத்துறதா? ஒங்க வாயால சொல்லுங்க" என்றார் செட்டியார்.

"ஏன்டா கத்தலே?" என்றார் ஞானமணி.

"நீங்கதாங்கய்யா விசுவாசக் குறைவுன்னு சொன்னீங்க" என்றான் பிச்சைமுத்து. "கல்லு எங்க விழும்னு ஆண்டவருக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

ஞானமணிக்கு வலியோடு கோபமும் சேர்ந்துகொண்டது. "மடையா! வேட்டு வெடிக்கப்போவுதுன்னு ஒனக்கும் தெரியும்ல? தெரிஞ்சவன் வாயத் தொறந்து சொல்ல வேணாமா? தெரிஞ்சும் சொல்லாம நிக்கிறவனை எப்படிங்க வேலையில வச்சுக்கிறது?"

இருளாயி இன்னும் ஐயனார் கோயிலுக்குத்தான் போய்வருகிறவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நல்லாக் கேட்டீங்கய்யா. எம்புருசனுக்கு வேட்டு தெரியும், அம்புட்டுத்தான். நீங்க அங்கிட்டு வாரது தெரியாது. ஒங்க ஆண்டவருக்கு ரெண்டும் தெரியும்ல? ஒலகம் உண்டாகுறதுக்கு முந்தியே தெரியும்ல? ஒரு சத்தம் குடுத்தாரா? நிறுத்துறதுன்னா ரெண்டு பேரையும் நிறுத்துங்க. இல்லாட்டி ரெண்டு பேரையும் வச்சுக்கங்க."

செட்டியார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவருக்கு ஒரு நோக்கம் இருக்கும்மா" என்றார் ஞானமணி. ஆலயத்தில் கணீரென்று ஒலித்த அந்தச் சொல், படுத்துக்கொண்டு சொல்லும்போது மெலிந்திருந்தது.

"என்ன நோக்கமுங்க?"

"அது நமக்குத் தெரியாது."

"அப்ப இவுகளுக்கும் ஒரு நோக்கம் இருந்துச்சுன்னு வச்சுக்கங்க. அது இவுகளுக்கே தெரியாது."

பிச்சைமுத்து தரையைப் பார்த்தபடி நின்றான். குவாரியை விட்டால் அவன் குரலுக்குக் கூலி கொடுக்க அந்தப் பக்கத்தில் வேறு ஆளில்லை. ஞானமணி தம் காலைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"வச்சுக்கங்க" என்றார் செட்டியாரிடம்.

"யாரை?"

"ரெண்டு பேரையும்தான்."

கட்டுப் பிரித்த மறு ஞாயிறு அமாவாசை இல்லை; குவாரிக்கு லீவும் இல்லை. ஞானமணி ஆலயத்தில் கைத்தடியை ஊன்றி நின்று, "அவர் முன்னமே அறிவார்" என்று தொடங்கினார். மலையிலிருந்து, முன்பைவிட இரண்டு பங்கு சத்தமாக, "வேட்டேய்!" என்று குரல் வந்தது. மேசைக்கு அடியில் முதலில் நுழைந்தவர் அவர்தான்.