நடுக்குட்டையில் பிரிந்த மிதவை

1

இந்தக் கதையின் முதல் வரியை எனக்குக் கொடுத்தவள் பக்கத்து வீட்டுத் தினேஸ்வரி. பதினேழு வயது, ஈப்போவில் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். பள்ளி வலைப்பந்துக் குழுவின் தலைவி. பள்ளி முகாமிலிருந்து திரும்பிய மறுநாள், ஈரக் காலுறைகளை வேலியில் காயப்போட்டபடி, "அக்கா, எங்க ராஃப்ட் நடுக்குட்டையில பிரிஞ்சி போச்சு லா" என்று சிரித்தாள். அதற்குமேல் சொல்லவில்லை. மிச்சத்துக்கு நானே பொறுப்பு.

2

தொடக்கம்: காலைப் பனியில் ரப்பர் மரங்கள் மௌனமாக...

வேண்டாம். அங்கே இப்போது ரப்பர் மரமே கிடையாது. தோட்டத்தை அழித்துத்தான் முகாம் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில், ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பெரிய குட்டை.

இன்னொரு தொடக்கம்: தினேஸ்வரி கயிற்றைப் பிடுங்கினாள்.

இது போதும்.

காலிப் பீப்பாய்களையும் மூங்கில்களையும் கட்டி, மிதவை செய்து, அக்கரை சேர வேண்டும். அவள் குழுவில் கோகிலன், கிளென், ஷார்மேன். ஷார்மேன் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றக் குழுக்கள் தண்ணீரில் இறங்கிவிட்டன.

"செப்பாட் லா, சீக்கிரம்! எவ்ளோ நேரம் கட்டுவ? குடு, நானே கட்டிக்கிறேன்."

ஷார்மேன் கயிற்றை விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். பையன்கள் இருவரும் பீப்பாய்களை நகராமல் பிடித்துக்கொண்டார்கள்.

(இங்கே கெர்ட்ரூட் டீச்சர் வந்து ஒற்றுமையைப் பற்றிப் பேசுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். டீச்சர் அப்போது எல்லாருடைய மிதவை ஜாக்கெட்டையும் இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பேச அவருக்கு ஏது நேரம்?)

3

பாதி தூரத்தில், தினேஸ்வரி கட்டிய முடிச்சு நழுவி, ஒரு பீப்பாய் கழன்றது. அதன் பின்னால் மூங்கில்கள். கண்மூடித் திறப்பதற்குள் நால்வரும் தண்ணீரில்.

தினேஸ்வரி அழுதாள் என்று எழுதி அடித்தேன். அழவில்லை என்று எழுதியும் அடித்தேன். முகமெல்லாம் குட்டைத் தண்ணீர், யார் கண்டது?

"என்னாலதான். முடிஞ்சிச்சி. கரையில நிக்கிற போட்டைக் கூப்பிடு, ஏறிக்கலாம்" என்றாள்.

"ஏன்?" என்றாள் ஷார்மேன், ஒரு பீப்பாயைக் கட்டிப்பிடித்தபடி. "இந்தத் தோங் மிதக்குதுதானே? ஆளுக்கொண்ணு புடிச்சி, மூங்கிலையும் சேத்துப் புடிச்சி, உதைச்சிக்கிட்டே போலாம்."

உதைத்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக உதைத்ததில் இருந்த இடத்திலேயே சுற்றினார்கள். கிளென் சிரிக்கப்போய்த் தண்ணீர் குடித்தான்.

"யாராச்சும் ஒண்ணு ரெண்டு சொல்லணும்டா" என்றான் கோகிலன்.

"நீ சொல்லு தினேஸ்" என்றாள் ஷார்மேன். "உன் சத்தம்தான் எல்லாருக்கும் கேக்கும்."

இது குத்தலா, நிஜமா? (எனக்கும் சந்தேகம் இருந்தது.) தினேஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தாள். ஷார்மேன் காத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"ஒண்ணு..." என்று தொடங்கினாள் தினேஸ்வரி. "ரெண்டு. ஒண்ணு. ரெண்டு!"

பீப்பாய்கள் நேராக நகர்ந்தன.

"கிளென், சூப்பர்டா! ஷார்மேன், அப்படித்தான், விடாத, அப்படித்தான்!"

காலையில் விரட்டிய அதே தொண்டை. இப்போது அதைக் கேட்டுக் கேட்டுக் கால்கள் வலுத்தன.

4

முடிவு ஒன்று: முகாமே கைதட்டி வரவேற்க...

இல்லை. இவர்கள் கடைசியாகக் கரையேறியபோது எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்கு மீ கோரெங் வரிசையில் நின்றார்கள்.

முடிவு இரண்டு: தினேஸ்வரி ஷார்மேனைக் கட்டிக்கொண்டு மன்னிப்பு...

அவளை எனக்குத் தெரியும். அப்படிச் செய்கிற ஆள் இல்லை. வரிசையில் நின்று ஷார்மேனுக்கும் ஒரு தட்டு வாங்கிவந்தாள். தன் தட்டிலிருந்த முட்டையை அவளுக்குத் தள்ளினாள். இருவரும் கால் நீட்டி உட்கார்ந்து தின்றார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மரச்சுவர். ஆள் உயரத்துக்கும் மேல். ஒருவர் தோளில் ஒருவர் ஏறித்தான் தாண்ட முடியும். ஷார்மேன் அண்ணாந்து பார்த்து ஓர் அடி பின்வாங்கினாள்.

தினேஸ்வரி சுவரோரம் மண்டியிட்டுத் தோளைக் காட்டினாள். ஷார்மேனின் சேற்றுச் சப்பாத்துக் கால் அதில் ஏறியது. தினேஸ்வரி மெல்ல எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சத்தமாகத்தான் சொல்லியிருப்பாள்.