செந்தாமரைக்கு ஒரு தையலும் இல்லை

கல்லல் பக்கம் மஞ்சுவிரட்டுக் காயத்துக்கு ஒரே அளவுகோல்தான்: எத்தனை தையல்? அதிகம் வாங்கியவனுக்கு வருஷம் முழுக்க டீக்கடையில் மரியாதை. அந்தக் கணக்கில் அருள்பாண்டி பெரிய ஆள். சில வருஷங்களுக்கு முன் கண்மாய்ப் பொட்டலில் வாடிவாசல் இல்லாமல் அவிழ்த்துவிட்ட கட்டுமாடு ஒன்று வேடிக்கை பார்த்த கூட்டத்துக்குள் பாய்ந்து, அவன் வயிற்றைக் கிழித்துவிட்டது. பக்கத்தில் நின்ற அவன் மதினி, அண்ணன் பெண்டாட்டி செந்தாமரைக்கு ஒரு கீறல்கூட இல்லை. சாமி காப்பாற்றியது என்றார்கள். அத்தோடு அவளை மறந்தும் போனார்கள்.

அவளால்தான் மறக்க முடியவில்லை. மாட்டுச் சலங்கை கேட்டால் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். உடனே தன்னையே திட்டிக்கொள்வாள். குத்துப்பட்டவனே பைக்கில் ஊர் சுற்றுகிறான், சும்மா நின்ற உனக்கு என்னடி கேடு?

இந்த வருஷம் வீட்டிலேயே ஒரு காளை வாங்கிவிட்டார்கள். பொட்டலுக்குக் கிளம்பும் காளையின் கழுத்தில் மூத்த மருமகள்தான் துண்டு கட்ட வேண்டும், அது வழக்கம். தலைவலி, வயிற்றுவலி என்று காலையிலிருந்து எல்லாச் சாக்கும் சொல்லித் தீர்த்துவிட்டாள் செந்தாமரை. யாரும் மசியவில்லை.

வாசலில் அருள்பாண்டி, வந்திருந்த சொந்தக்காரர்களுக்குச் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"கெழக்க இருந்து வந்துச்சு. கொம்பப் பிடிச்சு ஒரு சுத்துச் சுத்திட்டுத்தான் விட்டேன்!"

"மேக்க இருந்து வந்துச்சு," என்றாள் செந்தாமரை. அவளையும் மீறி வந்த வார்த்தை.

"ஒங்களுக்கு என்ன தெரியும் மதினி?"

"நீங்க கொம்பத் தொடவே இல்ல தம்பி. குத்துன ஒடனே மயங்கிட்டீக. ஆம்புலன்ஸ் வார வரைக்கும் முந்தானையால ஒங்க வயித்த அமுக்கிக்கிட்டு இருந்தது நான். அந்த மாடு திரும்பி வந்து, என் மொகத்துல மூச்சு படுற மாதிரி நின்னுச்சு. கைய எடுத்தா நீங்க செத்துருவீக. அதான் ஓடல."

அருள்பாண்டி சட்டையை இறக்கிவிட்டான். அன்றைய களேபரத்தில் யார் என்ன செய்தார்கள் என்று அவனும் கேட்டதில்லை, வேறு யாரும் கேட்டதில்லை. வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் செந்தாமரைக்கே உறைத்தது. தான் சும்மா நிற்கவில்லை.

மாமியார் பொன்னுத்தாயி துண்டோடு வந்தாள். "நேரமாச்சுத்தா, வந்து கட்டு."

"நான் கட்ட மாட்டேன் அத்த. தலவலியெல்லாம் பொய்யி. எனக்குப் பயமா இருக்கு."

"குத்துப்பட்டவனே மாட்டப் பிடிக்கப் போறான், ஒனக்கு என்னத்தா பயம்?"

"தம்பி மயங்கிட்டாரு அத்த. நான் முழிச்சுக்கிட்டு இருந்தேன்."

பொன்னுத்தாயி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தானே கட்டுவதற்காகத் தொழுவத்துக்கு நடந்தாள். செந்தாமரைக்கு அப்படியொரு நிம்மதி. பயம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அதற்காக இனி அவள் வெட்கப்படப் போவதில்லை.

தாமதமாக வந்து சேர்ந்த உறவுக்காரர் காளிராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆமா, இந்த வீட்ல மாடு குத்துனது யார?"

அருள்பாண்டியின் கை பழக்கத்தில் சட்டைக்குப் போனது. தூக்காமல் மதினியைப் பார்த்தான்.

"எங்க ரெண்டு பேரையும்," என்றாள் செந்தாமரை, தெரு முழுக்கக் கேட்கும்படி.