அருமை என்று ஐந்து தடவை

என் மகள் கோனி என்னைத் தன்னுடைய கிளையன்ட் ஆக்கினாள். சம்பளம் இல்லாத பதவிதான். இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கல்லூரியில் அவள் பிராடக்ட் டிசைன் எடுத்திருந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பு அது. அதில் பாதி மதிப்பெண் ஒரே ஒரு வேலைக்கு. நிஜமான ஒரு ஆளைப் பிடித்து, அவருக்கு நிஜமாகவே இருக்கும் ஒரு சிரமத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு பொருளை வரைந்து, செய்து, அவர் கையிலேயே கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆளுக்குத்தான் கிளையன்ட் என்று பெயர். மற்ற பிள்ளைகள் ஆள் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள். கோனிக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டிலேயே ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நாற்பத்தாறு வயதில், எனக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அன்று விடுமுறை. கால் திரும்பி வந்தது. பேச்சும் வந்தது, அதில்தான் ஜனீனுக்கு வருத்தம் என்று என் மனைவியை நான் சீண்டுவது உண்டு. இடது கை மட்டும் வரவில்லை. இப்போது அதே டிப்போவில் போன் எடுத்துப் பதில் சொல்கிறேன்.

செப்டம்பரில் கோனி சமையலறை மேஜையில் நோட்டும் பேனாவுமாக எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் ரஸ்ஸல் ஹேய்க், ஒரு நாள்ல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை எது?"

மூக்கில் மை. கண்ணில் அவ்வளவு ஆர்வம். அந்த முகத்திடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பீன்ஸ் டின்னைத் திறக்கறதுதான் கண்ணு. நான் அதைப் பாக்கறேன், அது என்னைப் பாக்குது. கடைசியில ரெண்டு பேரும் பட்டினி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே எழுதியும் கொண்டாள். அந்த ஒரு ஜோக்கின் மேல்தான் அவளுடைய முழு வேலையும் எழும்பியது. எங்கள் வீட்டில் டின் திறப்பது எப்போதுமே ஜனீன்தான், எனக்கு இரண்டு கையும் இருந்த காலத்திலும்.

பிறகு ஒற்றைக் கையால் டின் திறக்கும் கருவியின் மாதிரிகள் வர ஆரம்பித்தன. முதலில் நீல நுரைப்பலகையில் செதுக்கியது, அப்புறம் அட்டையில், அப்புறம் பலகையில். ஒவ்வொன்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தூசி படிந்த தலையோடு கொண்டுவந்து நீட்டுவாள். நான், "அருமையா இருக்கு கண்ணு" என்பேன். மூன்றாவது மாதிரி என் விரலைக் கவ்வி ரத்தம் வரவழைத்தது. விரலைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அருமை என்றேன். எங்கள் ஊரில் இது ஒரு வியாதி. ஆறிப்போன டீயைக் கொடுத்தாலும் அருமை என்போம், வீட்டுக்கு வந்து திட்டுவோம்.

நவம்பரில் பெற்றோர் சந்திப்பு. கல்லூரியின் விளையாட்டுக்கூடத்தில் வரிசையாக மேஜை போட்டு, வாத்தியார்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். ஜனீனுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, கூடுதல் நேரம் நிற்கச் சொல்லிவிட்டார்கள். நானும் கோனியும்தான் போனோம். உள்ளே ஹீட்டரை அப்படிப் போட்டு வைத்திருந்தார்கள். வேர்த்ததில் யோசிக்காமல் கோட்டின் ஜிப்பைக் கீழே வரை இழுத்துவிட்டேன். இழுத்த பிறகுதான் உறைத்தது.

டிசைன் ஆசிரியை மிஸஸ் ஆக்டன் கோனியின் ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். கிளையன்ட் கருத்து என்று ஐந்து கட்டங்கள். ஐந்திலும் அருமை.

"நீங்க ரொம்ப நல்ல மனுஷர் மிஸ்டர் ஹேய்க்," என்றார். "அதுதான் பிரச்சினை."

"எனக்குப் புரியலைங்க."

"எது சரியில்லைன்னு நீங்க ஒரு தடவைகூடச் சொல்லல. ஒண்ணாவது மாதிரிக்கும் அஞ்சாவதுக்கும் வித்தியாசமே இல்லை பாருங்க. அவ எதைத் திருத்துவா? உங்களுக்கு இந்த டின் நிஜமாவே கஷ்டம்தானா?"

நான் கோனியைப் பார்த்தேன். அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்மஸுக்குள்ள இது உருப்படணும்," என்றார் மிஸஸ் ஆக்டன், குரலைத் தாழ்த்தி. "இல்லேன்னா இதை வச்சுக்கிட்டு எந்த டிசைன் படிப்புக்கும் அவ விண்ணப்பிக்க முடியாது. அவ கைவேலை தெரிஞ்ச பொண்ணு. அதான் எனக்கு மனசு கேக்கல."

அந்தப் படிப்பைத் தவிர வேறு எதையும் அவள் ஆசைப்பட்டதில்லை. பன்னிரண்டு வயதில் எங்கள் டோஸ்டரைக் கழற்றிப் பார்த்தவள். அவள் கனவைப் பாழாக்குவது வேறு யாரும் அல்ல, நான்தான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் மழையும் காற்றும் மேட்டிலிருந்து நேராக இறங்கி வந்தன. கோனி என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கோட்டை மூடுப்பா. பாக்கவே குளிருது," என்றாள்.

"எனக்குக் குளிரல. குளிர் தாங்கற யார்க்ஷயர் ரத்தம்."

"பல்லு தாளம் போடுது. ரத்தமாம் ரத்தம்."

"பஸ் இப்ப வந்துரும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தை, பிறகு கோட்டை, பிறகு தொங்கும் கையை. அவளுடைய கால்பந்துப் போட்டிகளில் மைதான ஓரத்தில் நான் கோட்டைப் பறக்கவிட்டு நிற்பதெல்லாம் அப்போது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அப்பா. மூடு. நான் பாக்கறேன்."

மூடப் பார்த்தேன். ஜிப்பின் ஒரு பக்கத்து முனையை மறுபக்கத்து அடியில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் நுழைக்க வேண்டும். ஒரு கை பிடிக்க, ஒரு கை நுழைக்க. இருப்பது ஒன்று. இடுப்பை ஸ்டாப்பின் சுவரில் அழுத்திப் பார்த்தேன். கோட்டைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன். நான்காவது தடவை நுழைந்தது, மேலே இழுத்ததும் கழன்றது. கோனி உதவ நீட்டிய கையை அவளே பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அம்மாதான் போட்டு விடறாளா?"

"காலைல அஞ்சரைக்கு. வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி."

"அதான் கோட்டைப் போட்டுக்கிட்டே டோஸ்ட் சாப்பிடறியா? சீக்கிரம் கிளம்பறதுக்குன்னு சொன்னே?"

"அதான். டிப்போவுலயும் கழட்ட மாட்டேன். கழட்டினா அன்னிக்கு அவ்வளவுதான்."

"ஏன்பா என்கிட்ட சொல்லல?"

"மகள்கிட்ட எப்படிச் சொல்றது கண்ணு? ரெண்டு வயசுல உனக்கு நான் ஜிப் போட்டு விட்டவன்."

அவள் அழுதாள். நானும்தான். பஸ் வந்தது. ஓட்டியவன் என் பழைய சிநேகிதன். கோனி வேண்டாம் என்று கையை ஆட்டவும், தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான். மூக்கைத் துடைத்துவிட்டு அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"இன்னொரு தடவை பண்ணு. மெதுவா. எங்க கழலுதுன்னு பாக்கணும்."

அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம். அதற்குள் பதினோரு தடவை தோற்றேன். பதினொன்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் அவளே ஜிப்பைப் போட்டுவிட்டாள்.

டின் திறப்பான்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. புது மாதிரிகள் வந்தன. என் பழைய டிரைவர் கோட் இடுப்போடு நின்றுவிடும். அதனால் பெல்ட்டில் மாட்டும் ஒரு கொக்கி, ஜிப்பின் அடிப்பெட்டியை அது கவ்விப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் யோசனை. காந்தத்தால் மூடிக்கொள்ளும் புது கோட் கடையில் கிடைக்கிறதே என்று மிஸஸ் ஆக்டன் கேட்டாராம். "எங்கப்பா அந்தக் கோட்டை விடமாட்டாரு மிஸ்" என்று கோனி அதையும் ஃபைலில் ஏற்றிவிட்டாள்.

சோதிக்கும்போது அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வாள், எனக்கு உதவிவிடாமல் இருக்க. நான் திணறுவதை அப்படியே பார்ப்பாள். முதல் வாரம் எனக்கு அது அவமானமாக இருந்தது. பிறகு பழகியது.

"சொல்லுங்க மிஸ்டர் ஹேய்க்."

"குப்பை."

"ஐயோ, நன்றி! எந்த இடத்துல குப்பை?"

"வாய் சின்னது. குத்துது. சாயுது. எனக்கு உன்மேல கோவமா வருது."

"கோவம்னே எழுதிக்கட்டுமா?"

"எழுது."

அப்படியே ஏழு மாதிரிகள். கிறிஸ்மஸுக்குள் ஆன நான்கை வைத்தே விண்ணப்பம் போடலாம் என்றுவிட்டார் மிஸஸ் ஆக்டன். எட்டாவதைக் கல்லூரியின் த்ரீடி பிரிண்டரில் அடித்து, உள்ளே ரப்பர் ஒட்டிக் கொண்டுவந்தாள். கவ்வியது, நுழைந்தது, இழுத்தேன், கழுத்து வரை போய் நின்றது. மறுபடி கழற்றி மறுபடி போட்டேன். கோனி தொடைக்கடியிலிருந்து கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

மார்ச்சில் ஃபைலைக் கொடுப்பதற்கு முந்தைய வாரம், கிளையன்ட் ஐந்து நாள் தனியாகப் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். குறை இல்லை என்று எழுதினால் கொன்றுவிடுவேன் என்று கோனி எச்சரித்திருந்தாள்.

முதல் நாள் ஐந்தரை மணிக்கு ஜனீன் தன் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டே சமையலறைக்கு வந்தாள். வழக்கம்போல என் முன்னால் குனிந்து கோட்டின் அடியைத் தேடினாள். ஜிப் ஏற்கெனவே கழுத்து வரை போட்டிருந்தது. அவள் கை அங்கேயே நின்றுவிட்டது.

"நீயே போட்டியா?"

"நானே."

"நல்லது," என்றாள். கண்ணைத் துடைத்தாள். "ரொம்ப நல்லது ரஸ்ஸல்."

கதவு வரை போனாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். என் ஜிப்பை அடி வரை இறக்கிக் கழற்றினாள். மறுபடி கோர்த்து, மெதுவாக மேலே ஏற்றி, காலரைச் சரிசெய்து, கன்னத்தைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அந்த வாரம் ஐந்து நாளும் அப்படியே நடந்தது.

சனிக்கிழமை கோனி நோட்டைத் திறந்து எதிரே உட்கார்ந்தாள்.

"குறை?"

"ஒண்ணு இருக்கு," என்றேன். "இதைப் போட்ட பிறகு உங்கம்மா வேலைக்குக் கிளம்ப ரெண்டு நிமிஷம் தாமதமாகுது."

நான் ஏதோ ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து, நான் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக்கொண்டாள்.